பாரிமுனையின் வாடகை

சென்னையின் சரித்திரம் என்று நம் கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கட்டடங்களின் ஜாதகங்கள். எந்த வருஷம் அஸ்திவாரம், எந்த எஞ்சினியர், என்ன பாணிக் கோபுரம், யார் திறந்துவைத்தது. படங்களோடு வரும் புத்தகங்களில் இந்தக் கட்டடங்கள் ஆளரவமற்று நிற்கும். அவற்றில் ஓர் அறைக்கு மாத வாடகை என்ன, ஏன் அவ்வளவு, அதே அளவு அறை இரண்டு மைல் தள்ளி ஏன் பாதிக்குக் கிடைத்தது என்ற கேள்விகள் அப்புத்தகங்களுக்கு அற்பமாகப் படுகின்றன. பாணியைப் பற்றிப் பேசுவது ரசனை. வாடகையைப் பற்றிப் பேசுவது தரகு. இந்தப் பாகுபாட்டை நான் ஏற்கவில்லை. ஒரு நகரம் எதை மதித்தது, யாரை எங்கே நிறுத்திவைத்தது என்பதைக் கோபுரங்களைவிட வாடகை தெளிவாகச் சொல்லிவிடும்.

புதூரில் உட்கார்ந்துகொண்டு பாரிமுனையின் வாடகையை விசாரிப்பானேன் என்று கேட்கலாம். கரிசல்காட்டுக்காரனுக்கு இந்த விஷயம் அந்நியமானதல்ல. எட்டயபுரம் ஜமீனின் தலைநகரம்; அரண்மனையும் அதைச் சுற்றிய அதிகாரமும் அங்கே. 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போட்ட ரயில் பாதை எட்டயபுரத்துக்கு வரவில்லை, கோவில்பட்டி வழியாகப் போயிற்று. அதன் பிறகு பஞ்சாலை, 1901இல் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை, கமிஷன் கடைகள், வங்கிகள் என்று ஒவ்வொன்றாக கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தன. அரண்மனை இருந்த இடத்திலேயே இருந்தது. மண் இரண்டு ஊரிலும் ஒரே கறுப்பு மண்தான். ஒன்றில் நிலத்தின் விலை ஏறியதற்கும் மற்றதில் தங்கிப்போனதற்கும் மண் காரணமில்லை. ஜனங்கள் எங்கே இறங்கினார்கள் என்பதே காரணம். எங்கள் பஞ்சு தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறியது. அங்கே பெரிய ஆபீஸ்கள் அமைந்த தெருவுக்கு கிரேட் காட்டன் ரோடு என்றே பெயர். விளைந்த இடத்தின் பெயர் அதில் இல்லை. சிறிய அளவில் இங்கே நடந்ததன் பெரிய உதாரணம்தான் பாரிமுனை.

1

பாரிமுனை ஒரு வெற்றிடத்தின் ஓரத்தில் பிறந்த இடம். 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணத்து வீடுகள் அவர்களுக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. முற்றுகை விலகியதும் ஆங்கிலேயர் அந்த வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். பீரங்கி சுட வசதியாக அந்த நிலம் காலியாகவே கிடக்க வேண்டும், அதில் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று உத்தரவாயிற்று. 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். ஆறில் ஒன்று இன்றும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தோடு ஒட்டி நிற்கிறது.

இந்தக் காலி நிலத்துக்குத்தான் எஸ்பிளனேடு என்று பெயர். யுத்த பயம் தீர்ந்து நூறு ஆண்டுகள் ஆன பிறகும் அது சர்க்கார் நிலமாகவே கிடந்தது. நகரத்தின் நெரிசலான பகுதிக்குப் பக்கத்தில், ஒரு தனியாருக்கும் சொந்தமில்லாத அகலமான இடம் இப்படிக் கிடைத்ததால்தான் 1892இல் உயர்நீதிமன்றம் அங்கே எழுந்தது. டிராம் வண்டிகள் திரும்பவும் பிறகு பஸ்கள் நிற்கவும் இடம் கிடைத்ததும் அதை ஒட்டித்தான். வீடுகளை இடித்து வெளியேற்றப்பட்ட ஜனங்கள் காலி செய்த இடம், பின்னால் இன்னொரு ஜனக்கூட்டம் வந்து இறங்குவதற்கு ஏற்ற இடமாயிற்று. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

தாமஸ் பாரி 1788இல் சென்னைக்கு வந்தவர். 1803இல் இந்த மூலை மனையை வாங்கினார். அதையொட்டிய ஆண்டுகளில் சுங்கச் சாவடியும் வெள்ளைக்கார வியாபாரக் கம்பெனிகளும் கோட்டைக்குள்ளிருந்து வெளியேறிக் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தன. அன்று அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும்; மசூலா படகுகள் அலையைக் கடந்து போய்ச் சரக்கையும் ஆட்களையும் கரைக்குக் கொண்டுவரும். சரக்கு எங்கே மணலைத் தொடுகிறதோ அங்கே ஒரு குமாஸ்தா நிற்க வேண்டும். அவன் எழுதும் சீட்டு நனையாமல் எஜமானர் மேஜைக்குப் போய்ச்சேர வேண்டும். முதல் கடற்கரைச் சாலையில் ஆபீஸ் வைத்ததற்குக் காற்றும் காட்சியும் காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. குமாஸ்தா நடக்கும் தூரம் குறைவு என்பதுதான் உண்மையான காரணம்.

2

அலைகளின் மீது நடந்த வியாபாரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு ஏறியது. 1861இல் இரும்புப் பாலத்துறை. பிறகு துறைமுகம், 1881 புயல் அதை உடைத்துப்போட்டது, மீண்டும் கட்டினார்கள், 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அதன் வாயிலையே மாற்றியமைத்தார். துறைமுகம் வளர வளரக் கடல் பின்வாங்கியது. முன்பு அலையடித்த இடம் நிலமாகி, கடற்கரைச் சாலை என்ற பெயரில் கடற்கரை மட்டும் மிஞ்சியது.

கடல் விலகியபோது ஆபீஸ்களும் அதன் பின்னால் போயிருக்க வேண்டும் அல்லது கலைந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. இதற்குள் அந்தச் சாலையில் வேறு சங்கதிகள் சேர்ந்துவிட்டிருந்தன. 1884இல் சிஷோம் கட்டிய பெரிய தபாலாபீஸ். எதிர்ப்பக்கத்து எஸ்பிளனேடில் உயர்நீதிமன்றம். பாங்க் ஆஃப் மெட்ராஸின் தலைமை அலுவலகம். அதுதான் 1921இல் இம்பீரியல் வங்கியில் கலந்து 1955இல் ஸ்டேட் வங்கியாயிற்று. தபால், வழக்கு, பணம், சரக்கு ஆகிய நான்குக்கும் உரிய காகிதங்கள் ஒரு மணி நேர நடைக்குள் ஒன்றையொன்று சந்திக்கக்கூடிய இடம் தென்னிந்தியாவில் அது ஒன்றுதான். வாடகை அந்தச் சந்திப்புக்கு.

இதற்கு ஓர் அத்தாட்சி உண்டு. 1906 அக்டோபரில் அர்பத்நட் கம்பெனி திவாலாயிற்று. முதல் கடற்கரைச் சாலையில் அதைவிடப் பெரிய பெயர் இல்லை. ஆயிரக்கணக்கான பேருடைய சேமிப்பு அதோடு போயிற்று. சர் ஜார்ஜ் அர்பத்நட் 1907இல் ஜெயிலுக்குப் போனார். இந்த அவமானத்துக்குப் பதிலாக, வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலானவர்களின் முயற்சியில், சுதேசி உணர்ச்சியோடு தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. அந்த வங்கி 1907 ஆகஸ்ட் 15ஆம் தேதி வேலையை ஆரம்பித்த இடம் பாரி கட்டடம். பிறகு அது தன் தலைமை அலுவலகத்தை அமைத்துக்கொண்டது அர்பத்நட் இருந்த இடத்திலேயே. வெள்ளைக்காரக் கம்பெனி மேல் கோபம், சுதேசி லட்சியம் எல்லாம் உண்மைதான். ஆனால் லட்சியத்துக்கும் ஆபீஸ் வேண்டும். அந்த ஆபீஸ் அந்தச் சாலையை விட்டு நூறு கெஜம் விலக முடியவில்லை. இடத்தின் பிடி அரசியலைவிடக் கெட்டியாக இருந்திருக்கிறது.

3

1895 மே மாதம் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. அதுவரை ஆபீஸுக்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டிய குமாஸ்தா திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் குடியிருந்துகொண்டு வரலாம் என்றாயிற்று. 1931இல் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில். குமாஸ்தா இன்னும் பின்னுக்குப் போனான். சைதாப்பேட்டை, மாம்பலம், பல்லாவரம். பயணத்துக்கான நேரமும் காசும் அவனுடையவை. தினமும் காலையில் அவன் கொண்டுவந்து கொட்டும் இந்த நேரமும் காசும்தான் ஜார்ஜ் டவுன் கட்டடச் சொந்தக்காரர்கள் மாத முடிவில் வாடகையாக வாங்கியது. குமாஸ்தா வந்து சேர முடியாத இடத்தில் கம்பெனி இருக்காது. கம்பெனி இல்லாத இடத்தில் அறைக்கு விலை கிடையாது.

ஹென்றி ஜார்ஜ் என்ற அமெரிக்கர் 1879இல் வெளியிட்ட 'முன்னேற்றமும் வறுமையும்' என்ற நூலில் வாதித்தது இதைத்தான்: நிலத்தின் விலையை ஏற்றுவது சமூகம் முழுவதும், எடுத்துக்கொள்வது சொந்தக்காரன் மட்டும். சொந்தக்காரன் தூங்கிக்கொண்டிருந்தாலும் டிராம் அவன் வாசலுக்கு விலையைக் கொண்டுவந்து இறக்கும்.

இதைச் சீக்கிரமே புரிந்துகொண்ட ரயில்வேக்காரர்கள் உண்டு. நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தை 1913இல் திறந்தபோது தண்டவாளங்களைப் பூமிக்கடியில் புதைத்து, மேலே உள்ள வெற்றுவெளியையே கட்டடங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஜப்பானில் கோபயாஷி இச்சிஸோ 1910இல் ஒசாகாவிலிருந்து வயல்களுக்கு நடுவே ரயில் விட்டார். வழியில் நிலத்தை வாங்கி மனைகளாக்கித் தவணைக்கு விற்றார். 1929இல் உமேதா ஸ்டேஷனிலேயே பெரிய பல்பொருள் கடையைத் திறந்தார். ரயில் கட்டணத்தில் கிடைக்காததை நிலம் கொடுத்தது. 1975இல் நிறுவப்பட்ட ஹாங்காங் மெட்ரோ நிறுவனம் தன் நிலையங்களின் தலைமேல் கட்டடம் எழுப்பும் உரிமையைக்கொண்டே பெரும்பங்கு செலவை ஈடுகட்டியது.

சென்னை டிராம் கம்பெனிக்குத் தண்டவாளமும் வண்டியும்தான் சொந்தம். ஐம்பத்தெட்டு வருஷம் அது பாரிமுனைக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. அந்த ஆட்களால் ஏறிய விலையில் ஒரு தம்பிடி அதற்கு வரவில்லை. டிக்கெட்டில் கிடைத்த காசில் வண்டியைப் பழுதுபார்க்கவும் கூலி கொடுக்கவும் கட்டாமல் 1953 ஏப்ரலில் அது கதவைச் சாத்தியது. டிராமின் மறைவைப் பற்றி நம்மவர்கள் ஏக்கத்தோடு எழுதுவதுண்டு. மணியோசை, மெதுவான போக்கு, ஜன்னலோர இருக்கை. டிராம் செத்ததற்கு அதன் மெதுவான போக்கும் ஒரு காரணம். அது உண்டாக்கிய செல்வம் அதன் கைக்கு வராமல் எதிர்ச்சாரிக் கட்டடங்களுக்குள் போனது இன்னொரு காரணம். இந்த இரண்டாவதை ஏக்கக் கட்டுரைகள் தொடுவதில்லை.

4

இந்த விவகாரத்தைத் தமிழில் பதிவு செய்திருப்பவர் சரித்திரக்காரர் அல்ல, புதுமைப்பித்தன். 1943இல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதை பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேரும் இந்த மூலையில்தான் ஆரம்பிக்கிறது. கந்தசாமிப் பிள்ளை அங்கே நின்றுகொண்டு திருவல்லிக்கேணிக்கு டிராமில் போவதா, பஸ்ஸில் போய் மிஞ்சும் காசுக்குக் காப்பி குடிப்பதா என்று கணக்குப் போடுகிறார். கடவுள் அந்தக் கணக்கின் நடுவில் வந்து வழி கேட்கிறார்.

விமர்சகர்கள் இக்கதையில் கடவுளைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. நாஸ்திகமா, கிண்டலா, சைவ மரபின் தொடர்ச்சியா என்றெல்லாம் சர்ச்சை. கந்தசாமிப் பிள்ளையின் கணக்கை யாரும் பொருட்படுத்தவில்லை. கடவுள் ஏன் மயிலாப்பூர் கோயில் வாசலில் வராமல் இந்த மூலையில் வருகிறார்? நகரத்துக்குப் புதிதாக வரும் எவனும் வந்துசேரும் இடம் அது என்பது ஒன்று. ஆனால் அங்கே நிற்பவனிடம் கொடுக்க நேரம் இல்லை, காசும் இல்லை. காப்பிக்கும் டிராமுக்கும் நடுவே அவன் ஆள் இரண்டாகப் பிளந்து நிற்கிறான். அவனைச் சுற்றிலும் டேர் ஹவுஸ் உட்பட நகரத்தின் விலையுயர்ந்த கூரைகள். 1940இல் முடிந்த டேர் ஹவுஸ் அந்தக் கதை எழுதப்பட்ட சமயம் புத்தம் புதுக் கட்டடம். புதுமைப்பித்தன் அதை வர்ணிக்கவில்லை. காலடியில் நின்றவனின் சில்லறைக் கணக்கை எழுதினார். அந்தக் கட்டடத்தின் வாடகை எதிலிருந்து வந்தது என்பதற்கு அந்தச் சில்லறைக் கணக்கைவிட நேரான ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை.

கந்தசாமிப் பிள்ளை வைத்திய சஞ்சிகை நடத்துகிறவர், கடவுளிடமே சந்தா கேட்கிறவர் என்பதையும் இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. நம் நவீன எழுத்தின் பெரும்பகுதி ஆபீஸ் மேஜையடியிலும் அதற்குப் போய்வந்த வண்டிகளிலும் எழுதப்பட்டது. இந்த எழுத்தில் ஆபீஸ் அலுப்பு நிறைய உண்டு. அந்த அலுப்பை ஒருவன் விலை போட்டு விற்றுக்கொண்டிருந்தான் என்ற பிரக்ஞை அபூர்வம்.

5

யுத்தகாலத்துக்குப் பிறகு கதை சிக்கலாகிறது. 1946இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1949இலும் 1960இலும் புது வடிவம் பெற்று, கடைகளையும் ஆபீஸ்களையும்கூட உள்ளடக்கியது. குடியிருந்தவனை நினைத்த மாத்திரத்தில் எழுப்ப முடியாது. வாடகையை இஷ்டப்படி ஏற்ற முடியாது. வாடகைக்காரனுக்குப் பாதுகாப்பு வந்தது நியாயம்தான். ஆனால் கால்கள் உண்டாக்கிய விலையைச் சட்டம் அழித்துவிடவில்லை. ரசீதிலிருந்து வெளியே தள்ளியது. ரசீதில் ஒரு தொகை. பழைய வாடகைக்காரன் இடத்தைக் கைமாற்றும்போது பகடி என்று வாங்கும் தொகை வேறு. தலைமுறை தலைமுறையாக ஒரே அறையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் பாதி சொந்தக்காரனாகிவிட்டான். பழுதுபார்க்க சொந்தக்காரனுக்கு மனமில்லை, காலி செய்ய வாடகைக்காரனுக்கு மனமில்லை. தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் சுவரில் ஆலங்கன்று முளைத்த மாடிகள் இந்தச் சமரசத்தின் ஸ்தூல வடிவம். 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் பழையதை நீக்கிற்று.

இதற்கிடையில் மவுண்ட் ரோடு எழுந்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆரம்பித்த கட்டடம், 1956இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசியமயமான பிறகு 1959இல் எல்.ஐ.சி. கட்டடமாகத் திறக்கப்பட்டது. 177 அடி. நாட்டிலேயே உயரம் அதுதான் என்று வெளியூர்க்காரர்கள் பார்க்க வந்தார்கள். புதுக் கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. ஆனாலும் வங்கிகள் பாரிமுனையை விடவில்லை. காரணத்தை என் தொழிலிலிருந்து சொல்ல முடியும்.

காசோலை என்பது ஒரு காகிதம். ஒரு வங்கியின் காசோலையை இன்னொரு வங்கியில் போட்டால் அந்தக் காகிதம் உடலோடு போய் முதல் வங்கியைச் சேர வேண்டும். லண்டனில் 18ஆம் நூற்றாண்டில் வங்கிக் குமாஸ்தாக்கள் ஒவ்வொரு வங்கியாக நடந்து அலுத்துப்போய், லொம்பார்ட் தெருப் பக்கம் ஒரு சாராயக்கடையில் கூடிக் காசோலைகளை மாற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். கிளியரிங் ஹவுஸ் பிறந்தது அப்படி. சென்னையில் அந்தக் கூடுகை ரிசர்வ் வங்கியின் பொறுப்பில், கடற்கரைச் சாலையில். கட்டுகளைத் தூக்கிக்கொண்டு குறித்த நேரத்துக்குள் போய்ச்சேர வேண்டும்; பிந்தினால் அன்றைய பணம் அன்றைக்கில்லை. என்னோடு வேலை பார்த்த மூத்தவர்கள் அந்த ஓட்டத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வங்கிகள் நெருங்கி நின்றது அந்தஸ்துக்காக என்றால் மவுண்ட் ரோடு போதும். பியூனின் கால்தான் அவற்றைக் கட்டிவைத்திருந்தது. 1980களில் காந்த மை எழுத்தும் இயந்திரமும் வந்து எண்ணும் வேலையைக் குறைத்தன. காகிதம் போகத்தான் வேண்டியிருந்தது. 2011 செப்டம்பரில் சென்னையில் காசோலையின் பிம்பத்தை மட்டும் அனுப்பும் முறை வந்தது. 2021க்குள் எல்லாக் கிளைகளும் அதில் சேர வேண்டும் என்று உத்தரவு. இன்று புதூரில் போடும் காசோலை புதூரை விட்டு நகர்வதில்லை.

இருநூறு வருஷமாக அந்தச் சாலையை நிர்ணயித்த விதி இப்படிச் சத்தமில்லாமல் முடிந்தது. கல்வெட்டு எதுவும் வைக்கப்படவில்லை.

6

பஸ்களும் ஏற்கெனவே போய்விட்டிருந்தன. வெளியூர் பஸ்கள் 2002 நவம்பரில் பிராட்வேயிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறின. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் இன்னொரு நிலையம். பஸ்ஸோடு லாட்ஜும் ஓட்டலும் போயின. வக்கீல்கள் போகவில்லை. உயர்நீதிமன்றம் நகரவில்லை; ஆகவே ஆர்மீனியர் பெயர் சிதைந்து அரண்மனைக்காரன் தெருவான அந்தத் தெருவிலும் பக்கத்துச் சந்துகளிலும் வக்கீல் ஆபீஸ்கள் நெருக்கியடித்துக்கொண்டே இருக்கின்றன. எந்தப் போக்குவரத்து எந்த ஆபீஸைப் பிடித்துவைத்திருந்தது என்பது நிலையம் போன பிறகுதான் பிரிந்து தெரிகிறது.

பறக்கும் ரயில் இன்னொரு பாடம். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர், 2007இல் வேளச்சேரி. அதன் ஸ்டேஷன்களைப் பிரம்மாண்டமாகக் கட்டினார்கள். ரயிலுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு இடம். வர்த்தகத்துக்கு விட்டு வருமானம் பார்க்கலாம் என்ற எண்ணம். ஆனால் அந்தத் தளங்கள் பல ஆண்டுகள் இருட்டாகவே கிடந்தன. டிராம் கம்பெனியிடம் கால்கள் இருந்தன, கூரை இல்லை; இங்கே கூரை இருந்தது, கால்கள் வரவில்லை. அதே பாதையில் திருவான்மியூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 2000இல் திறந்த டைடல் பூங்கா நிரம்பியது. ரயில் அந்தப் பக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்பே. அதற்குப் பின்னால் தெற்கே வரிசையாக எழுந்த கம்பெனிகள் தங்கள் ஆட்களைத் தங்கள் பஸ்ஸிலேயே வீட்டு வாசலிலிருந்து ஏற்றிக்கொண்டன. பொதுவான இறங்குமிடம் என்ற ஒன்றே அவற்றுக்குத் தேவைப்படவில்லை. ஆகவே அங்கே ஒரு கந்தசாமிப் பிள்ளை நின்று கணக்குப் போடும் மூலையும் இல்லை.

2019 பிப்ரவரியிலிருந்து உயர்நீதிமன்றத்துக்கும் மண்ணடிக்கும் பூமிக்கடியில் மெட்ரோ வருகிறது. பிராட்வே பஸ் நிலையத்தையும் குறளகம் இருந்த இடத்தையும் சேர்த்து, கீழே பஸ்ஸும் மேலே வர்த்தகத் தளங்களுமாக அடுக்குக் கட்டடம் எழுப்பும் திட்டம் ஒன்று சர்க்காரிடம் உண்டு. ஆட்களைக் கொண்டுவருபவரே வாடகையையும் வாங்கலாம் என்ற யோசனை நூறு வருஷத்துக்கு மேல் பிந்தி அந்த மூலைக்கு வந்திருக்கிறது. டிராம் காலத்தில் வந்திருந்தால் நகரத்தின் முகமே வேறாக இருந்திருக்கும். இப்போது காகிதம் நடப்பதை நிறுத்திவிட்டது. மனிதர்கள் எதற்காக அங்கே வர வேண்டும் என்பதற்கு நீதிமன்றத்தையும் மொத்த வியாபாரத்தையும் தவிரப் பலமான பதில் இல்லை.

அந்தத் தளங்கள் நிரம்பலாம், பறக்கும் ரயில் மாடிகளைப் போல இருண்டும் கிடக்கலாம். என் அக்கறை வேறு. நிரம்பினால் வரும் வாடகையில் எத்தனை பைசா பஸ் டிக்கெட்டைக் குறைக்கப் போகிறது என்ற கேள்வியை யாராவது எழுத்தில் கேட்டுவைக்க வேண்டும். கட்டடத்தைத் திறக்கும் நாளில் அதன் உயரத்தையும் செலவையும் எல்லாப் பத்திரிகைகளும் எழுதும். டிக்கெட் வாங்க ஒருவன் சட்டைப்பையில் எண்ணும் சில்லறையை எழுத வேண்டியவர்கள் நாம்.